விடிய விடியக் கூத்து, மூன்று கேமரா, ஓர் ஆள்

வைகாசி மாதத்தில் செய்யாறு வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் நடந்த பாரதக் கூத்தை மூன்று கேமராக்களை வைத்து ஓரிரவு முழுக்கத் தனி ஆளாகப் படம்பிடித்தேன். விழாக்குழுவினர் பேசிய தொகை 20,000 ரூபாய். கேமரா வாடகை, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து என் கையிலிருந்து போனது 26,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பணத்தைவிடப் பெரிய இழப்பு நேரம்தான். ஆடியில் உட்கார்ந்த எடிட்டிங் வேலை ஐப்பசி பிறந்த பிறகே முடிந்தது. பல கேமரா படப்பிடிப்பைப் பற்றி இணையத்தில் ஏராளமாகப் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவதெல்லாம் ஏசி அறையில், சீரான மின்சாரத்தில், இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து உரையாடுவதைப் படம்பிடிப்பது பற்றி. ஜெனரேட்டர் வெளிச்சத்தில், மண் தரையில், இடைவிடாமல் எட்டு மணி நேரம் நடக்கும் ஒன்றைக் குறைந்த செலவில் பதிவுசெய்யப் போகிறவருக்கு என்னென்ன காத்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று கேமரா எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கூத்து ஆடும் இடமான களரியில் பின்பாட்டுக்காரர்களும் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (சிறிய நாகசுரம் போன்ற ஊதுகருவி) வாசிப்பவர்களும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் சனம். திரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்க, அதன் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடிக்கொண்டே வெளிப்படும்போது முகமும் வேண்டும், சலங்கை கட்டிய காலும் வேண்டும், அவருக்கு எடுத்துக்கொடுக்கும் பின்பாட்டும் வேண்டும். ஒரே கேமராவில் முழுக் களரியையும் அடக்கினால் முகத்தின் அரிதாரம்கூடத் தெரியாது, முகத்துக்குப் போனால் அடவு போய்விடும். சினிமாபோல "இன்னொரு தடவை ஆடுங்கள்" என்று கேட்கவும் முடியாது. எனவே என்னிடம் இருந்த மிரர்லெஸ் கேமராவை (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா) நெருக்கக் காட்சிகளுக்கு நானே இயக்குவது, வாடகைக்கு எடுத்த இன்னொரு மிரர்லெஸ்ஸைப் பக்கவாட்டில் நிலையாக வைப்பது, என் கைபேசியை உயரமான ஸ்டாண்டில் வைத்து முழுக் களரியையும் எடுப்பது என்று திட்டம் போட்டேன்.

வாடகையிலேயே முதல் அடி விழுந்தது. நாளுக்கு 1,500 ரூபாய் என்று பேசிய கடையில் இரண்டு நாள் வாடகை வாங்கினார்கள். கூத்து மறுநாள் காலையில்தான் முடிகிறது, கேமரா கடைக்குத் திரும்புவதற்குள் அடுத்த நாள் பாதி ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. இரவு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் இதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை. அந்தக் கேமரா சில ஆண்டுகளுக்கு முந்தைய மாடல். 29 நிமிடம் 59 நொடி ஆனதும் பதிவைத் தானாகவே நிறுத்திக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவியை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி போட்டதால், புகைப்படக் கேமரா தயாரிப்பாளர்கள் பலர் அந்தக் கட்டுப்பாட்டை உள்ளேயே வைத்து விற்றார்கள். புதிய மாடல்களில் பெரும்பாலும் இது இல்லை, ஆனால் வாடகைக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பழைய மாடல்கள்தான். நான் எதிர்ப்பக்கம் நின்று நெருக்கக் காட்சியில் கவனமாக இருந்தபோது அந்தக் கேமரா நின்றுபோய், சூதாட்டச் சபையின் பெரும்பகுதியைத் தவறவிட்டது. துரியோதனன் வேஷம் கட்டியவர் சுழன்றாடியபடி அந்தப் பக்கமாகத் திரும்பிப் பாடிய இடமெல்லாம் அதில் இல்லை. கடையிலிருந்து கேமராவை எடுத்து வருவதற்கு முன்பு அங்கேயே ஒரு மேசை மேல் வைத்துப் பதிவை ஓடவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சூடாகி நிற்கும் கேமராவும் அந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். இரவு முழுக்கப் பேட்டரி மாற்றிக்கொண்டே இருக்க முடியாது என்பதால், பேட்டரி வடிவத்திலேயே இருந்து சுவர் மின்சாரத்தை உள்ளே கொடுக்கும் டம்மி பேட்டரியை இரண்டு கேமராக்களுக்கும் போட்டு, மைக்செட்காரரின் ஜங்ஷன் பெட்டியில் செருகியிருந்தேன். நள்ளிரவைத் தாண்டி ஜெனரேட்டர் நின்றது. "தம்பி, டீசல் ஊத்திட்டு இதோ போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்; ஊருக்கு அது வழக்கமான ஒன்று, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அந்த இடைவெளியைக் கிண்டல் பேசியே நிரப்பிவிட்டான். ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கேமராவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது மறுநாள்தான். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமரா பெரும்பாலும் பதிவை நிறுத்தும் தறுவாயில்தான் எழுதுகிறது. அதை எழுதுமுன் உயிர் போய்விட்டால் தரவு முழுவதும் கார்டில் இருந்தாலும் கோப்பு திறக்காது. என் கேமராவில் கார்டை மறுபடி செருகியதும் அதுவே சரிசெய்துகொண்டது. வாடகைக் கேமராவின் கோப்பு திறக்கவே இல்லை. அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள், அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் கெட்ட கோப்பை மீட்டுத் தரும் என்று தேடிக் கண்டுபிடித்து, கடைசிச் சில நொடிகள் நீங்கலாக மீட்டேன். அதுவரை நான் சரியாகத் தூங்கவில்லை. இந்த மாதிரிக் கோப்புக்காகவே, வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றையாவது உங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும். டம்மி பேட்டரியை நேரடியாக ஜெனரேட்டரில் செருகாமல் பவர் பேங்க்கில் செருகினால் இந்தத் தொல்லையே வராது. யூஎஸ்பி வழியாக மின்சாரம் எடுக்கும் டம்மி பேட்டரிகள் கிடைக்கின்றன. கேமராவுக்கு இரண்டு பவர் பேங்க் இருந்தால் இரவு ஓடிவிடும்.

வெளிச்சம் தந்த தொல்லை கூத்து நடந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதில் எரியும் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 தடவை மின்னி மங்கும். கேமரா நொடிக்கு 25 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) எடுத்து ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் இந்த மின்னல் படத்தில் பதியாது. கைபேசி தன் இஷ்டத்துக்கு 30 ஃப்ரேமில், வெளிச்சத்துக்கு ஏற்ப ஷட்டரை மாற்றிக்கொண்டே எடுத்ததால், முழுக் களரிக் காட்சியில் கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டே இருந்தன. 1/50 வைத்த என் கேமராவிலும் சில இடங்களில் மெல்லிய பட்டை ஊர்ந்தது. சிறிய ஜெனரேட்டர்கள் சுமைக்கு ஏற்ப வேகம் மாறும். சரியாக 50-இல் நிற்காமல் 51, 52 என்று போகும். நாம் எவ்வளவு சரியாக வைத்தாலும் அது நம் கையில் இல்லை. பழைய ஹாலோஜன் விளக்குகளில் இழை சூடாகவே இருப்பதால் மின்னல் மிகக் குறைவு. எனவே களரிக்கு நேர் எதிரே இரண்டு ஹாலோஜன் ஃபோகஸ் போடச் சொல்லி மைக்செட்காரரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. கூடுதல் வாடகை சில நூறு ரூபாய்தான். கூத்து தொடங்கும் முன் ஒவ்வொரு கேமராவிலும் ஒரு நிமிடம் எடுத்து, சிறிய திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

கைபேசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 30 ஃப்ரேம் என்று சொன்னாலும் அது ஒரே சீராக 30 எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங்கில் அந்தக் கோப்பை மற்ற கேமராக்களோடு பொருத்தினால் தொடக்கத்தில் சேர்ந்து போகும், பத்து நிமிடத்தில் வாயசைவும் பாட்டும் பிரிந்துவிடும். இந்தக் காரணம் பிடிபடுவதற்குள் நான் அந்தக் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பல வாரங்களைப் போக்கிவிட்டேன். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான ஃப்ரேம் எண்ணிக்கை என்ற தேர்வை வைத்து ஒருமுறை மாற்றியெடுத்த பிறகுதான் அது வழிக்கு வந்தது. படமெடுக்கும்போதே தவிர்க்க வேண்டுமானால் பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச செயலியில் 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர், நிறம் ஆகியவற்றைப் பூட்டிவிடலாம். அது 2023-இல் ஐபோனுக்கும் 2024-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. கைபேசியை ஃப்ளைட் மோடில் போட மறக்கக் கூடாது, பதிவின் நடுவே ஓர் அழைப்பு வந்தால் போதும், சில கைபேசிகள் பதிவையே நிறுத்திவிடும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கூத்தில் வேஷத்துக்கு வேஷம் அரிதாரம் வேறு. பார்க்கிறவர்கள் நிறத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வார்கள். மூன்று கேமராவும் ஒயிட் பேலன்ஸை, அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை, தானியங்கியாக வைத்திருந்தால், ஒன்றில் சிவப்பாகத் தெரியும் முகம் அடுத்ததில் காவியாகவும் மூன்றாவதில் ஊதாவாகவும் தெரியும், வெட்டி வெட்டிக் காட்டும்போது அது வேறு ஆளாகவே தோன்றும். மூன்றிலும் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணை ஒரே மாதிரியாகக் கையால் வைத்து, களரியின் நடுவே சாம்பல் நிற அட்டையைப் பிடிக்கச் சொல்லி மூன்று கேமராவிலும் சில நொடி எடுத்துவைத்தால் பின்னால் சரிசெய்வது எளிது. வெள்ளை வேட்டியைப் பிடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி அந்த நீலத்தையே கணக்கில் சேர்த்துவிடும். முடிந்தவரை ஒரே கம்பெனியின் கேமராக்களை எடுப்பதுதான் சிறந்த வழி, தோல் நிறத்தை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது.

இத்தனையையும் தாண்டி, பார்ப்பவர்கள் மன்னிக்காதது ஒலியைத்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஊரார் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பாட்டு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுகிறார்கள். மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு கேபிள் எடுத்து நேராக என் கேமராவின் மைக் துளையில் செருகிக்கொள்ளலாம் என்பது நான் கேட்டுவந்த ஆலோசனை. மிக்சரிலிருந்து வரும் லைன் அளவு சமிக்ஞை, மைக் துளை எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு வலுவானது. கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் உச்சத்தில் குரலெடுத்த இடமெல்லாம் கரகரவென்று உடைந்து பதிவானது, உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக ஒட்டித் தராது. லைன் உள்ளீடு உள்ள சிறிய ரெக்கார்டர் ஒன்றில்தான் அதை வாங்க வேண்டும். உச்சக் குரலே ரெக்கார்டரின் ஒலியளவுக் காட்டியில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத அளவில் வைக்க வேண்டும், ஏனென்றால் மாலையில் ஒத்திகைக்குப் பேசும் குரலும் பின்னிரவில் துகிலுரிதல் காட்சியில் எழும் குரலும் ஒன்றல்ல. ரெக்கார்டரைப் பேட்டரியிலேயே ஓடவிட்டால் ஜெனரேட்டரின் உறுமல் கேபிள் வழியாக வருவதும் குறையும்.

மிக்சரை மட்டும் நம்பவும் முடியாது. களரியின் மேலே கயிற்றில் தொங்கும் மைக்குகள் பாடுபவர்களின் குரலுக்காகக் கட்டப்பட்டவை. முகவீணையும் மிருதங்கமும் கைத்தாளமும் தம் சொந்த சத்தத்திலேயே ஊர் முழுக்கக் கேட்பதால் மைக்செட்காரர் அவற்றுக்குத் தனி மைக் வைப்பதில்லை. மிக்சரில் வந்த பதிவைத் தனியே கேட்டபோது பாட்டு இருந்தது, கூத்து இல்லை. கைபேசியில் தற்செயலாகப் பதிவான தூரத்து ஒலியைக் கலந்துதான் அந்த வெறுமையை ஓரளவு மூட முடிந்தது. பின்பாட்டுப் பெஞ்சுக்கு இரண்டடி முன்னால், சிறிய ஸ்டாண்டில் இரண்டாவது ரெக்கார்டர் ஒன்றை வைத்திருந்தால் முகவீணையின் அந்தக் கூரிய நாதம் முழுதாகக் கிடைத்திருக்கும். அந்த வாடகைக் கேமராவுக்குக் கொடுத்த 3,000 ரூபாயில் ஒரு நல்ல ரெக்கார்டரையும் மைக்கையும் வாடகைக்கு எடுத்திருக்கலாம். இரண்டு கேமராவும் இரண்டு ரெக்கார்டரும், மூன்று கேமராவும் ஒரு கேபிளும் இருப்பதைவிட மேல் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

ஒலியையும் படங்களையும் ஒன்றோடொன்று பொருத்துவதில் இரண்டு நுட்பங்களை அறிந்திருந்தால் மாதக்கணக்கில் மிச்சமாகியிருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது. களரியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்குக்கு ஒலி கிட்டத்தட்ட 60 மில்லிநொடி தாமதமாகச் சேரும். 25 ஃப்ரேம் கணக்கில் அது ஒன்றரை ஃப்ரேம். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் ஒலியலையை வைத்துக் கேமராக்களைத் தானே பொருத்தும்போது இந்தத் தாமதத்தை அறியாது, தூரக் கேமராவின் படம் பாட்டுக்கு முன்னால் ஓடும். அதனால் தொடக்கத்தில் தாளக்காரரைக் களரியின் நடுவே நிற்கச் சொல்லி, எல்லாக் கேமராக்களுக்கும் தெரியும்படி கைத்தாளத்தை ஓங்கி ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். இரண்டு வெண்கலக் கிண்ணமும் தொடும் ஃப்ரேமைக் கண்ணால் பார்த்துப் பொருத்துவதுதான் நிச்சயமானது. இரண்டாவது, ஒவ்வொரு கருவியின் உள் கடிகாரமும் மற்றதிலிருந்து மிகச் சிறிய அளவில் விலகி ஓடுகிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலும் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி, அதாவது இரண்டு ஃப்ரேமுக்குச் சற்றுக் குறைவு. எட்டு மணி நேரக் கூத்தை ஒரே நீளத்தில் பொருத்த முயலாமல், ஒவ்வொரு வேஷமும் துணித் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் இடத்தில் புதிதாகப் பொருத்திக்கொண்டு போனால் கண்ணுக்குத் தெரியாது.

கேமராக்களை எங்கே நிறுத்துவது என்பதிலும் கூத்து தனி ரகம். மூன்று பக்கமும் சனம் இருப்பதால் எதிரெதிர்ப் பக்கங்களில் கேமரா வைக்க ஆசையாக இருக்கும். அப்படி வைத்தால் ஒன்றில் இடமிருந்து வலமாக இழுக்கும் துச்சாதனன் அடுத்ததில் வலமிருந்து இடமாக இழுப்பான், ஒரு கேமரா இன்னொன்றின் கண்ணில் வேறு விழும். எல்லாவற்றையும் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கமாக, ஒரே பக்கத்தில் வைப்பதே நல்லது. உயரமும் தேவை. நான் முழுக் காட்சிக்காகக் கைபேசியை டிராக்டர் டிரெய்லரின் மேல் நிறுத்தியிருந்தேன். விடியல் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்ததும் ஒவ்வொரு அசைவும் படத்தில் ஆடியது. ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை கட்டி, பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவரை உட்காரவைக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் 500 ரூபாய் வீண் செலவில்லை. முழுக் காட்சியைக் கைபேசி போன்ற எளிய கருவிக்குக் கொடுத்துவிட்டு நல்ல கேமராவை நெருக்கத்துக்கு எடுப்பதுதான் எல்லோருடைய வழக்கம். நான் அதற்கு மாறான கருத்துக்கு வந்திருக்கிறேன். மற்ற இரண்டும் நின்றுபோகும்போது நம்மைக் காப்பாற்றுவது முழுக் காட்சிதான், எனவே இருப்பதிலேயே நம்பகமான கேமரா அங்கேதான் நிற்க வேண்டும்.

நான்கு கேமராக்களை இணைத்து அங்கேயே வெட்டிக்கொள்ளும் சிறிய ஸ்விட்சர்கள் 2019-க்குப் பிறகு மலிவாகக் கிடைக்கின்றன, எடிட்டிங் சுமை குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மண்டபத்தில் அது சரி. களரியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சனத்தின் காலடியில் இழுக்க வேண்டும், பத்து மீட்டரைத் தாண்டினால் சாதாரணக் கேபிளில் படம் விட்டுவிட்டு வரும், ஸ்விட்சருக்கென்று தனி ஆளும் வேண்டும். தனியாளுக்கு அது பொருந்தாது.

சேமிப்பிடத்தை முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்ற 4கே தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். எட்டு மணி நேரத்துக்கு 360 ஜிபி, மூன்று கேமராவுக்கு ஒரு டெராபைட்டைத் தாண்டும், பிரதியோடு சேர்த்தால் அதன் இரு மடங்கு. பெரும்பாலோர் கைபேசியில் பார்க்கப்போகும் கூத்துக்கு 50 மெகாபிட்டில் 1080 தரமே போதும், செலவு பாதியாகும். எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 குறியுள்ள கார்டு வாங்கினால் எழுதும் வேகம் குறைந்து நிற்காது. மூன்று கோப்புகளையும் ஒரே நேரத்தில் ஓட்ட என் லேப்டாப் திணறியது. ரிசால்வ்வின் இலவசப் பதிப்பிலேயே சிறிய தர நகல்களை உருவாக்கி அவற்றில் வெட்டிவிட்டு, கடைசியில் அசலுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.

அந்தக் கூத்தின் முழுப் பதிவையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வாத்தியாரிடம் கொடுத்தேன். முழு இரவையும் இணையத்தில் ஏற்றுவதா என்பதை அவரிடம் கேட்டே முடிவு செய்தோம். அடுத்த ஊரில் அதே கூத்துக்கு முன்பணம் வாங்கி ஆடுகிறவர்கள் அவர்கள், எதைக் காட்டலாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது. தேர்ந்தெடுத்த காட்சிகளை மட்டும் ஏற்றினோம். இப்போது யாராவது விடியவிடியக் கூத்தைப் படம்பிடிக்கக் கேட்டால், 35,000 ரூபாய்க்குக் குறைந்து நான் ஒப்புக்கொள்வதில்லை. அதில் உதவியாளர் ஒருவரின் கூலி, இரண்டு ரெக்கார்டர், ஹாலோஜன் விளக்கு, இரண்டு ஹார்ட் டிஸ்க் எல்லாம் அடக்கம், எடிட்டிங் முடிய இரண்டு மாதம் ஆகும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். அவ்வளவு முடியாது என்கிற சிறிய ஊர்களுக்கு மூன்று கேமராவைக் குறைந்த விலையில் ஒப்புக்கொள்ளாமல், ஒரு நல்ல கேமராவும் இரண்டு ரெக்கார்டரும் வைத்து 12,000 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறேன்.